கராஜ் வாசல்: பழைய சாயல் மோட்டார் சைக்கிள்கள் – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பங்கு ஒரே விஷயத்தைப் பற்றியது. வட்ட லைற், உருண்ட பெற்றோல் தாங்கி, நீளமான தட்டைச் சீற் என்று அந்தக் காலத்துச் சாயலில் இருக்கும் ரெட்ரோ மோட்டார் சைக்கிளைத் தினமும் ஓடலாமா, எங்கள் வருமானம் அதற்குத் தாங்குமா என்று கேட்டிருக்கிறார்கள். 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் தொடங்கிய பிறகு புது வண்டி பார்ப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். இடைப்பட்ட அந்த ஐந்து வருடத்தில் கொட்டிலில் கிடந்த பழையதை வெளியே எடுத்துத் திருத்தியவர்களும் கனபேர். அதனால் இந்த இதழின் பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறேன்.

விலை எதையும் எழுதவில்லை. டொலரும் வரியும் அசையும் ஒவ்வொரு முறையும் கடையில் விலை மாறுகிறது. வரி, பதிவு, காப்புறுதி எல்லாம் சேர்த்து வண்டி வீதியில் இறங்கும்போது என்ன விலை என்பதைக் கடைக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு விலையை நம்பி முற்பணம் கட்ட வேண்டாம்.

கேள்வி: அண்ணை, கோண்டாவிலில் இருந்து யாழ் நகரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறேன். மாதத்தில் இரண்டு தரம் கிளிநொச்சிக்கும் போக வேண்டும். றோயல் என்பீல்ட் ஹன்டர் 350 இல் எனக்குச் சரியான விருப்பம். அப்பா, 100 சிசி வண்டியே போதும் என்கிறார். வீட்டில் தினமும் இதே கதைதான். என்ன செய்யலாம்? – கோண்டாவில் வாசகர், வயது 28

பதில்: தம்பி, ஓடிப் பார்ப்பதற்கு முன்னால் வண்டியைத் தள்ளிப் பாருங்கள். ஹன்டரின் எடை 181 கிலோ. ஹீரோ ஸ்பிளென்டர் போன்ற ஒரு 100 சிசி வண்டி 112 கிலோ. இந்த 70 கிலோ வித்தியாசம் ஏ9 வீதியில் தெரியாது. ஒழுங்கைக்குள் எதிரே லொறி வந்து நீங்கள் பின்னுக்குத் தள்ளும்போது தெரியும். மழைக்குப் பிறகு படலை வாசலில் சில்லு புதையும்போது தெரியும். நகரத்தில் நெருக்கி நிறுத்தியிருக்கும் வண்டிகளுக்கு நடுவே இருந்து இழுத்து எடுக்கும்போது இன்னும் நன்றாகத் தெரியும். நண்பர் ஒருவரின் வண்டியைக் கேட்டு வாங்கி, எஞ்சினைப் போடாமல் உங்கள் ஒழுங்கைக்குள் ஒரு முழுச் சுற்றுத் திருப்பிப் பாருங்கள். மூச்சு வாங்காமல் முடிந்தால் மிச்சத்தைக் கதைக்கலாம்.

வண்டி நல்ல வண்டிதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2020 நவம்பரில் மீற்றியோர் 350 உடன் வந்த 349 சிசி எஞ்சினைத்தான் 2022 ஓகஸ்டில் வந்த ஹன்டரிலும் வைத்தார்கள். 20.2 குதிரைவலு என்பது பெரிய கணக்கு இல்லை. ஆனால் 27 நியூட்டன் மீற்றர் இழுவை 4,000 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. பலாலி வீதியில் பஸ்ஸின் பின்னால் மெதுவாக வரும்போது மூன்றாம் கியரிலேயே விட்டுவிட்டு வரலாம், கிளச்சைப் பிடித்துப் பிடித்துக் கை நோகாது. உள்ளே நடுக்கத்தை அடக்கும் பலன்சர் இருப்பதால் பழைய புல்லட்டின் உதறலும் இல்லை. கிளாசிக் 350 இன் எடை 195 கிலோ, சில்லும் பெரியது. ஹன்டருக்கு 17 அங்குலச் சில்லு, நீளமும் குறைவு. அந்தக் கம்பனியின் வண்டிகளில் நகர ஓட்டத்துக்கு இலகுவானது இதுதான்.

எந்த வகை ஹன்டர் என்பதிலும் கவனம் வேண்டும். ரெட்ரோ என்ற வகைக்கு ஸ்போக் சில்லு, ரியூப் போட்ட ரயர், பின்னுக்கு ட்ரம் பிறேக். மெற்றோ வகைக்கு அலோய் சில்லு, ரியூப்லெஸ் ரயர், முன்னும் பின்னும் டிஸ்க், இரண்டுக்கும் ஏ.பி.எஸ். (அவசரமாகப் பிறேக் பிடிக்கும்போது சில்லு இறுகி வழுக்காமல் காக்கும் அமைப்பு). கம்பிச் சில்லு கண்ணுக்கு அழகு, நானும் நின்று பார்ப்பேன். ஆனால் தினமும் வேலைக்குப் போகிறவருக்கு அலோய்தான். ரியூப் ரயரில் ஆணி ஏறினால் காற்று சட்டென்று இறங்கிவிடும், சில்லைக் கழற்றாமல் ஒட்டுப் போட முடியாது. ரியூப்லெஸ்ஸில் ஆணி இருந்தபடியே அடுத்த கடை வரைக்கும் போய்விடலாம். ஆனையிறவு வெளியில் மத்தியான வெயிலில் நிற்கும்போது இந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

இந்த எஞ்சினுக்குக் கிக்கர் கிடையாது. பெற்றோலைப் பீச்சுவதும் மின்சாரத்தால்தான். பற்றறி முழுதாக இறங்கினால் தள்ளி ஸ்ரார்ட் பண்ணவும் முடியாது. பற்றறிக்கு இரண்டு வயது கடந்துவிட்டால் மாரி தொடங்க முன்னர் ஒரு தரம் சோதித்துக்கொள்ளுங்கள்.

இனி அப்பாவின் பக்கம். உங்கள் ஓட்டம் மாதத்துக்கு ஏறக்குறைய 500 கிலோமீற்றர் வரும். ஹன்டர் லீற்றருக்கு 35 ஓடும் என்று வைத்தால் 14 லீற்றருக்குச் சற்றுக் கூட வேண்டும். 100 சிசி வண்டி 60 ஓடினால் எட்டரை லீற்றருக்குள் முடியும். மாதம் ஆறு லீற்றர் வித்தியாசம் உங்கள் சம்பளத்துக்குச் சுமையில்லாமல் இருக்கலாம். ஆனால் 2022 இன் பெற்றோல் தட்டுப்பாட்டை அப்பா மறந்திருக்க மாட்டார். கியூ.ஆர். பங்கீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான். அந்த 4 லீற்றரில் 100 சிசிக்காரர் 240 கிலோமீற்றர் ஓடுவார், நீங்கள் 140. வரிசையில் இரவிரவாக நின்ற ஒரு தலைமுறையின் கணக்கு அது. அவரோடு வாதாட வேண்டாம், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இரண்டுக்கும் நடுவிலும் வழி உண்டு. டி.வி.எஸ். ரோனின் 225.9 சிசி, 160 கிலோ, வலுவும் ஹன்டர் அளவுக்கு உண்டு. யமஹா எப்.இசட்.எக்ஸ். 149 சிசி, 139 கிலோ. அதன் எஞ்சின் எப்.இசட்.எஸ். வண்டியின் எஞ்சினேதான், எங்கள் மெக்கானிக்மாருக்கு அது கைப்பழக்கமானது. அதன் வட்ட முகம் எல்லோருக்கும் பிடிக்காது, நேரில் பார்த்து முடிவெடுங்கள். எதை எடுத்தாலும் கடையில் மூன்று சாமான்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: கிளச் கேபிள், பிறேக் பாட், ஒயில் பில்டர். யாழ்ப்பாணத்தில் இன்றைக்கே கையில் தர முடியுமா என்று கேளுங்கள். “கொழும்பில் இருந்து எடுத்துத் தரலாம்” என்றால், அந்த நாட்களில் நீங்கள் எதில் வேலைக்குப் போவீர்கள் என்று யோசியுங்கள்.

என் தீர்ப்பு: மாதம் இரண்டு கிளிநொச்சிப் பயணத்துக்கு 350 தேவையில்லை, 150 தாராளம். ஆனால் விருப்பமும் ஒரு காரணம்தான், அதைத் தள்ளிவிட நான் சொல்ல மாட்டேன். லீசிங் தவணை, பெற்றோல், காப்புறுதி போக வீட்டுக்குக் கொடுப்பதில் ஒரு ரூபாயும் குறையாது என்றால் ஹன்டர் மெற்றோவை எடுங்கள். குறையும் என்றால் எப்.இசட்.எக்ஸ்.

கேள்வி: நான் ஆசிரியை. நெல்லியடியில் இருந்து வல்லை வெளியைத் தாண்டிப் பாடசாலைக்குப் போகிறேன். உயரம் ஐந்து அடி, சேலையோடுதான் ஓட வேண்டும். அம்மா ஒரு காலத்தில் ஹொண்டா சாலி வைத்திருந்தார். அந்த வடிவத்தில் எனக்கும் ஒன்று வேண்டும் என்று ஆசை. பழைய சாலி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா?

பதில்: ரீச்சர், உங்கள் ஆசை எனக்கு விளங்குகிறது. பெண்கள் சேலையோடு தாங்களே ஓடிப் போக இந்த ஊரில் வழி திறந்த வண்டிகளில் சாலியும் ஒன்று. ஆனால் வல்லை வெளிக்குச் சாலியை நான் சொல்ல மாட்டேன். அதன் சில்லு 10 அங்குலம். சோளகம் வீசும் மாதங்களில் அந்த வெளியில் காற்றை மறிக்க ஒரு மரம் கிடையாது, பக்கவாட்டில் வந்து அடிக்கும். சின்னச் சில்லும் குறைந்த எடையும் உள்ள வண்டி அந்தக் காற்றில் ஒரு முழம் விலகும். அந்த நேரம் பின்னால் ஒரு பஸ் வந்தால் நினைக்கவே பயம். பள்ளத்தில் விழுந்தாலும் சின்னச் சில்லுக்கு அடி பலம்.

அதே குடும்பத்தில் 70 அல்லது 90 சிசி சுப்பர் கப் பாருங்கள். 17 அங்குலச் சில்லு, ஒடுக்கமான ரயர். நேர்கோட்டில் நன்றாகப் போகும். நடுப்பகுதி தாழ்ந்து திறந்திருப்பதால் சேலையோடு ஏறி இறங்கலாம். கிளச் பிடி கிடையாது, காலால் கியரை மிதித்தால் போதும். செயினுக்கு முழு மூடி இருப்பதால் முந்தானையோ கொசுவமோ செயினில் சிக்காது. ஆனாலும் பின் சில்லுக்குச் சேலைக் கம்பி பூட்டாமல் ஒரு நாளும் ஓட வேண்டாம். 1958 இல் வந்த வடிவம் அது. 2017 இல் அந்தக் குடும்பத்து வண்டிகளின் எண்ணிக்கை பத்துக் கோடியைத் தாண்டியது. இதை விடப் பழைய சாயல் வேறு எதற்கு உண்டு?

வாங்கினால் இரண்டு விஷயம் பழக வேண்டும். பழைய கப்பில் முன் பிறேக்கைப் பிடிக்கும்போது முன்பக்கம் அமுங்காமல் மேலே எழும்பும், அது பழுது இல்லை, அதன் அமைப்பு அப்படி. மற்றது, 6 வோல்ட் வண்டியின் லைற் மங்கல். மாலை வகுப்பு எடுத்து இருட்டில் திரும்புகிறவர் என்றால் 12 வோல்ட் வண்டியாகத் தேடுங்கள். 100 சிசிக்கு உட்பட்டதால் உங்களிடம் ஏ1 வகை அனுமதிப்பத்திரம் இருந்தால் போதும்.

நல்ல கப் கிடைக்கவில்லை என்றால் பரவாயில்லை, சாலியை விடப் பெரிய சில்லும் நல்ல பிறேக்கும் உள்ள ஸ்கூட்டர் ஒன்று எடுங்கள். அழகில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், பிறேக்கில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

கேள்வி: காலமான என் அப்பாவின் ஹொண்டா சீ.டி. 200 உரும்பிராய் வீட்டுக் கொட்டிலில் பல வருடமாக நிற்கிறது. திருத்தித் தினமும் ஓட விரும்புகிறேன். எங்கே தொடங்குவது? – உரும்பிராய் வாசகர்

பதில்: இப்படி ஒரு கடிதம் வந்தால் எனக்கு அன்றைய நாள் நல்ல நாள். இதற்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் வேலை, ஆசையில் போய் ஒரு கிக் அடிக்காதீர்கள். பல வருடம் நின்ற எஞ்சினில் ரிங் சிலிண்டரோடு பிடித்திருக்கும். பலவந்தமாக மிதித்தால் சிலிண்டரில் கோடு விழும், பிறகு காசு இரட்டிப்பு. இரண்டு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துவாரத்திலும் கொஞ்சம் எஞ்சின் ஒயில் விட்டு ஒரு இரவு விடுங்கள். அடுத்த நாள் வண்டியை நடு ஸ்ராண்டில் ஏற்றி, கடைசிக் கியரில் போட்டு, பின் சில்லைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். அசைந்தால் நல்ல சகுனம். அசையாவிட்டால் இன்னும் ஒயில் விட்டுப் பொறுத்திருங்கள்.

அப்புறம் பெற்றோல் தாங்கி. உள்ளே ரோர்ச் அடித்துப் பாருங்கள், கட்டாயம் துரு இருக்கும். தாங்கியைக் கழற்றி, வினாகிரி நிரப்பி ஒரு நாள் வைத்து, கழுவி, அப்பச் சோடா கரைத்த நீரால் அலசி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்த கையோடு கொஞ்சம் ஒயில் கலந்த பெற்றோலை உள்ளே சுழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த நாளே திரும்பத் துரு பூக்கும். காபரேற்றருக்குள் பழைய பெற்றோல் பசையாகி ஜெற் துவாரங்களை அடைத்திருக்கும். கம்பி விட்டுக் குத்தாமல் கிளீனர் அடித்துக் காற்றால் ஊதுங்கள். கம்பி விட்டால் துவாரம் பெருத்துவிடும், பிறகு வண்டி பெற்றோல் குடிக்கும்.

உங்கள் அப்பா 1990களில் இந்த வண்டியை இங்கே ஓடியிருந்தால் மண்ணெண்ணெயில் ஓடியிருப்பார். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் துளித்துளியாகத்தான் கிடைத்தது. அந்தத் துளியைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினோம். மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாது. எரியாத மிச்சம் ரிங் வழியாகக் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும், மேலே பிஸ்டன் தலையிலும் வால்விலும் சைலென்ஸரிலும் கரியாகப் படியும். அந்தத் தலைமுறை எஞ்சின்கள் இவ்வளவையும் தாங்கின. ஆகவே சிலிண்டர் ஹெட்டைத் திறக்கும்போது தடிப்பான கரியைக் கண்டு பயப்பட வேண்டாம். கரியைச் சுரண்டி, வால்வை அரைத்துப் பூட்டினால் பாதி உயிர் வந்துவிடும். சைலென்ஸரின் உட்குழாயையும் கழற்றிக் கரி எடுங்கள்.

சீ.டி. 200 க்கு இரண்டு சிலிண்டர். இரண்டின் அமுக்கத்தையும் மீற்றர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் என்றால் லேத்துக்குப் போய்ப் போர் அடிக்க, அதாவது சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்க, வேண்டிவரும். ஹொண்டா பிஸ்டன்கள் 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீற்றர் என்று படிப்படியாகக் கூடிய அளவுகளில் வந்தவை. முதலில் பிஸ்டனைக் கையில் எடுங்கள், பிறகுதான் சிலிண்டரை லேத்துக்குக் கொடுங்கள். 0.50 க்குப் போர் அடித்துவிட்டு அந்தப் பிஸ்டனைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

ரயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் செய்தது. பூ எவ்வளவு இருந்தாலும் பழைய ரயரை வைத்து ஓடாதீர்கள், மழையில் வழுக்கும். பிறேக் சூ, எல்லாக் கேபிள்கள், வயர், பற்றறி, சில்லு பெயரிங் எல்லாவற்றையும் புதிதாகவே கணக்குப் போடுங்கள். காற்று பில்டரை மறக்க வேண்டாம். உங்கள் பக்கத்துச் செம்பாட்டுப் புழுதி மாவுக்கும் மெல்லியது, பில்டர் கிழிந்திருந்தால் புது பிஸ்டனையும் அது தின்றுவிடும்.

பெயின்றும் குரோமும் கடைசி. பலர் அதில்தான் தொடங்குகிறார்கள். தாங்கி மினுங்கும், எஞ்சின் திறக்கக் காசு இராது, வண்டி திரும்பக் கொட்டிலுக்கே போகும்.

கடதாசி வேலையை இதற்கெல்லாம் முன்னால் பாருங்கள். வண்டி அப்பாவின் பெயரில் இருந்தால் மரணச் சான்றிதழோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் யாழ் அலுவலகத்துக்குப் போய், உரித்தாளர் பெயரை மாற்ற என்னென்ன வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். சகோதரர்கள் இருந்தால் அவர்களின் சம்மதமும் தேவைப்படும். எஞ்சின் இலக்கமும் சேசி இலக்கமும் பதிவுப் புத்தகத்தில் உள்ளதோடு ஒத்திருக்கிறதா என்று இப்போதே சுரண்டிப் பாருங்கள். வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனையும் காப்புறுதியும் வேண்டும், பழைய நிலுவையும் இருக்கலாம்.

தினமும் ஓடலாமா என்று கேட்டீர்கள். ஓடலாம். ஓடத்தான் வேண்டும். வாரத்தில் ஒரு நாள் வெளியே எடுக்கும் வண்டியை விடத் தினமும் ஓடும் வண்டி நன்றாக இருக்கும். முதல் 500 கிலோமீற்றருக்கு உங்கள் ஊரை விட்டுத் தூரம் போகாதீர்கள், அதற்குள் ஒயிலை ஒரு தரம் மாற்றுங்கள். முடிந்ததும் படம் ஒன்று அனுப்பி வையுங்கள், இந்தப் பக்கத்தில் போடுவோம்.

கேள்வி: 350 சிசி வண்டிக்கு 92 பெற்றோலா, 95 பெற்றோலா? – சாவகச்சேரி வாசகர்

பதில்: 92 போதும். இந்த எஞ்சின்களின் அமுக்க விகிதம் 9.5 க்கு 1 தான். மிச்சக் காசுக்கு நல்ல ஒயில் போடுங்கள்.

கேள்வி: என் பல்சரை கபே ரேசர் ஆக்க மானிப்பாயில் ஒருவர் கேட்டிருக்கிறார். பின் சட்டத்தை வெட்டி, ஒற்றைச் சீற் போட்டு, சைலென்ஸரையும் மாற்றித் தருவாராம். செய்யலாமா?

பதில்: சட்டத்தை வெட்ட வேண்டாம். பின் சட்டம் சீற்றை மட்டும் தாங்கவில்லை, பின் ஷொக்கின் மேல் முனையும் அதில்தான் நிற்கிறது. வெட்டி வெல்டிங் வைத்த இடம் எப்போது விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. பெயின்ற் நிறம் மாற்றினால் புத்தகத்திலும் மாற்ற வேண்டும். சத்தம் போடும் சைலென்ஸருக்குப் பொலிஸ் மறிப்பது ஒரு பக்கம், ஆஸ்பத்திரி வீதியால் போகும்போது உள்ளே படுத்திருக்கும் நோயாளியை நினையுங்கள். வட்ட லைற், தட்டைச் சீற், பழைய மாதிரிக் கண்ணாடி: இந்த மூன்றையும் திருகாணியால் பூட்டலாம், விரும்பினால் கழற்றலாம். அதோடு நில்லுங்கள்.

கேள்வி: உயர்தரம் எழுதி முடித்த என் மகன் 350 சிசி புல்லட் கேட்டு அடம்பிடிக்கிறான். தகப்பன் வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பத் தயார். எனக்கு இரவில் நித்திரை இல்லை. – சுண்டுக்குழி, ஒரு தாய்

பதில்: அம்மா, உங்கள் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. விபத்தில் அடிபட்ட வண்டிகள் என் கராஜுக்கு வருகின்றன. முன் போர்க் வளைந்திருப்பதைப் பார்த்தாலே எந்த வேகம் என்று தெரியும்.

உண்மையைச் சொன்னால், ரெட்ரோ 350 வேகம் பறக்கும் வண்டி இல்லை. அதே காசுக்கு வரும் சில ஸ்போர்ட்ஸ் வண்டிகளை விட அது அடக்கமானது. பயம் எடையில் இருக்கிறது. புல்லட் 195 கிலோ. புதிதாக ஓடுகிறவர் வளைவில் தடுமாறினால் காலூன்றித் தாங்க முடியாது. ஆகவே மகனிடம் இல்லை என்று சொல்ல வேண்டாம், எதற்குப் பிறகு எது என்று சொல்லுங்கள். முதலில் அனுமதிப்பத்திரம். பிறகு ஒரு வருடத்துக்குப் பழைய 100 அல்லது 125 சிசி வண்டி ஒன்று. அந்த ஒரு வருடமும் ஹெல்மெட் நாடாவைப் பூட்டி, பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் போட்டு ஓடட்டும். மழையில் ஓடட்டும், இரவில் ஓடட்டும், கிளாலிப் பக்கம் மணலில் ஓடட்டும். அதற்குப் பிறகும் விருப்பம் மாறவில்லை என்றால் இரண்டு சில்லுக்கும் ஏ.பி.எஸ். உள்ளதாக வாங்கிக் கொடுங்கள். தகப்பனிடம் ஒரு விஷயம் கேளுங்கள்: வண்டிக்கு முன்னால் நல்ல ஹெல்மெட் ஒன்று அங்கிருந்து அனுப்பச் சொல்லுங்கள். மகனின் தலையை அளந்து, சரியான அளவில். தளர்வான ஹெல்மெட் விழும்போது தலையை விட்டுக் கழன்றுபோகும்.

தம்பி, அம்மா இதை வாசித்துவிட்டு உங்களிடம் தந்தால், அவருடைய நித்திரையும் உங்கள் பொறுப்புத்தான்.

கேள்வி: வேலணையில் இருந்து பண்ணைப் பாலத்தால் தினமும் நகரத்துக்கு வருகிறேன். ஒரு வருடம் ஆகவில்லை, புது வண்டியின் குரோமில் புள்ளி புள்ளியாகத் துரு. என்ன செய்ய?

பதில்: இரண்டு பக்கமும் கடல், நடுவில் நீங்கள். உப்பு காற்றிலேயே வருகிறது, மழை இல்லாத நாட்களிலும் வண்டியில் படிகிறது. ரெட்ரோ வண்டிகளில் குரோமும் கம்பிச் சில்லும் கூட இருப்பதால் துருவுக்கு இடமும் கூட.

வாரத்துக்கு ஒரு தரம் கழுவுங்கள், ஆனால் உவர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவ வேண்டாம். அது உப்பின் மேல் உப்பைப் பூசுவதுதான். பிடித்து வைத்த மழைத் தண்ணீர் அல்லது குழாய்த் தண்ணீர், இரண்டு வாளி போதும். துடைத்துக் காய்ந்ததும் குரோமில் மெழுகு பூசுங்கள். ஸ்போக் கம்பி சில்லோடு சேரும் முனைகளில் ஒயில் துணியால் ஒரு தரம் தடவுங்கள், அங்கேதான் துரு முதலில் பிடிக்கும், பிறகு கம்பி முறியும். புள்ளித் துருவை அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்தால் எடுக்கலாம், மண் கடதாசி போட்டால் குரோமும் போய்விடும். திறந்த செயினுக்கு வாரம் ஒரு தரம் ஒயில் விடுங்கள். பழைய ஹொண்டா சீ.டி. வண்டிகளில் செயினை முழுதாக மூடியிருந்த பெட்டி எவ்வளவு புத்தியான வேலை என்பது தீவுப் பக்கத்தவருக்குத்தான் தெரியும். வண்டியை மூடி வைக்க நைலோன் விரிப்புப் போடாதீர்கள், உள்ளே வியர்க்கும். கொட்டிலில் மேற்குப் பக்கம் ஒரு தட்டி மறைத்தாலே கச்சான் காற்று நேரே அடிக்காது.

கேள்வி: இணுவிலில் தோட்டம் செய்கிறேன். மருதனார்மடம் சந்தைக்கு மரக்கறி கொண்டுபோக எம்.டி. 90 ஒன்று பார்த்திருக்கிறேன். விற்பவர் “ஓப்பின் பேப்பர்” தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வண்டியை வாங்கலாம், அந்தக் கடதாசியோடு வாங்க வேண்டாம்.

எம்.டி. 90 ஐ 1971 இல் ஜப்பானியத் தபால்காரருக்காகவே ஹொண்டா செய்தது. பொதி ஏற்றி, வாசலுக்கு வாசல் நிறுத்தி எடுத்து, பனியிலும் மழையிலும் ஓட என்று வகுத்த வண்டி. 14 அங்குலச் சில்லு என்பதால் பாரம் கீழே நிற்கும், கரியரும் பெரியது. தோட்டத்துக்கும் சந்தைக்கும் இதை விடப் பொருத்தமாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கத்தரிக்காய்ச் சாக்கை ஏற்றும்போது கரியரின் பின் விளிம்பில் வைக்காமல் சீற்றோடு ஒட்டி வையுங்கள், முன் சில்லு இலேசாகாது.

பார்க்கும்போது எஞ்சின் குளிராக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். முன்னரே சூடாக்கி வைத்திருந்தால் அடுத்த நாள் காலையில் சொல்லாமல் போங்கள். குளிரில் எழுப்பி, சூடான பிறகு பிடியை முறுக்கி விடுங்கள். நீலப் புகை நிற்காமல் வந்தால் ரிங் வேலை இருக்கிறது, விலையில் அதைக் கழியுங்கள். பின் ஸ்புறொக்கற்றின் பல் வளைந்து கூராக இருந்தால் செயினும் சேர்த்து மாற்ற வேண்டும். பின் சில்லைப் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள், ஆடினால் ஸ்விங் ஆர்ம் புஷ் போயிருக்கிறது.

கடதாசியில், பதிவில் உள்ள உரித்தாளரே நேரில் வந்து, உங்கள் பெயரை எழுதி, அடையாள அட்டையோடு கையெழுத்து வைக்க வேண்டும். வெறுமையாக விட்டுக் கையெழுத்து வைத்த கடதாசி கைமாறிக் கைமாறி வந்திருக்கும். நாளைக்கு ஒரு விபத்து என்றால் வண்டி யாருடையது என்று நீங்கள் நிரூபிக்க முடியாது. புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். உரித்தாளர் வர மறுத்தால் காசை வேட்டி மடிப்பிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வாருங்கள், உங்கள் பக்கத்தில் எம்.டி. 90 இன்னும் நிறைய நிற்கிறது.